கன்சல்டிங்கில் கார் வாங்கும் முன்: விற்பவர் யார் என்பதை எழுதி வாங்குங்கள்

வடசென்னையில் ரெட்டேரி, மாதவரம், மூலக்கடை, பெரம்பூர் பக்கம் பழைய கார் விற்கிற இடத்தை யாரும் டீலர் என்று சொல்வதில்லை. கன்சல்டிங் என்பார்கள். அந்தப் பெயரிலேயே வில்லங்கம் இருக்கிறது. கன்சல்டிங்காரர் வண்டியைத் தானே வாங்கி விற்கிறாரா, இன்னொருவர் வண்டியைக் கமிஷனுக்குக் காட்டுகிறாரா என்பது பார்வைக்குத் தெரியாது. வண்டி ஒழுங்காக ஓடும் வரை அதைப் பற்றி யாரும் யோசிப்பதும் இல்லை. கியர்பாக்ஸ் போன பிறகு, "நான் நடுவுல இருந்தவன்தான் சார், ஓனர்கிட்ட பேசிக்குங்க" என்பார். ஓனருக்குப் போன் போட்டால், "நான் அவருகிட்ட குடுத்து ஆறு மாசம் ஆச்சே" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் உங்கள் நாலு லட்சம் காணாமல் போயிருக்கும்.

வண்டியின் நிலையைப் பற்றி எல்லோரும் ஆயிரம் யோசனை சொல்வார்கள். நாங்களும் கீழே சொல்லியிருக்கிறோம். ஆனால் வண்டியில் குறை வந்த பின் பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பது, விற்றவர் இன்னார் என்று காட்டும் தாள் உங்கள் கையில் இருக்கிறதா என்பதுதான். அதனால் அதிலிருந்து தொடங்குவோம்.

பானட்டைத் திறப்பதற்கு முன்

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் ஒரு திருத்தம் வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும். அந்தச் சான்று படிவம் 29பி. ஐந்து வருடம் செல்லும். ஓனர் தன் வண்டியை அப்படிப்பட்ட டீலரிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29சி வழியாகப் பரிவாகன் தளத்தில் (மத்திய அரசின் வாகனப் பதிவு இணையதளம்) தெரிவிக்க வேண்டும். தெரிவித்துவிட்டால் வண்டிக்கான பொறுப்பு டீலர் தலையில். யார்டில் நிற்கும் வண்டியை டெஸ்ட் டிரைவ், சர்வீஸ், பெயின்ட் போன்ற வேலைக்கு மட்டுமே அவர் ரோட்டில் இறக்கலாம். ஒவ்வொரு தடவை எடுத்ததையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு: "உங்க 29பி காட்டுங்க. இந்த வண்டியோட 29சி காட்டுங்க." இரண்டும் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பல யார்டுகளில் வராது. ஓனரிடம் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெறும் கையெழுத்து மட்டும் வாங்கி மேசை டிராயரில் வைத்திருப்பார்கள். வண்டி மூன்று கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில் பழைய ஓனர் பெயரே நிற்கும். அப்படிப்பட்ட வண்டியைத் தொடவே கூடாது என்று சொல்ல மாட்டோம். வடசென்னையில் பாதி வியாபாரம் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரிடம் நீங்களே பேசாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். வண்டியை யாரிடம், எப்போது கொடுத்தார், முழுப் பணமும் வந்ததா, கடன் அடைந்ததா என்று கேளுங்கள். அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதும் முக்கியம். இறந்துவிட்டார் என்றால் அவர் போட்டுவைத்த 29, 30 உதவாது. வாரிசு முதலில் படிவம் 31 வழியாகத் தன் பெயருக்கு மாற்றி, பிறகுதான் உங்களுக்கு விற்க முடியும்.

அங்கீகாரம் இல்லாத கன்சல்டிங்கில் வாங்கியதால் நுகர்வோர் உரிமை போய்விடாது. பணம் வாங்கி வண்டி கொடுத்தவர் யார் என்றுதான் நுகர்வோர் சட்டம் பார்க்கும். அதை நிரூபிக்க ரசீது வேண்டும். கடையின் லெட்டர்ஹெட்டில், சீல் வைத்து, கீழ்க்கண்டபடி எழுதி வாங்குங்கள்:

"இன்று (தேதி, நேரம்) இந்தப் பதிவு எண், சேசிஸ் எண், இன்ஜின் எண் உள்ள வண்டியை எங்கள் நிறுவனமே விற்பவராக இருந்து இன்னாருக்கு ரூ. ____க்கு விற்றோம். மீட்டர் ____ கி.மீ. காட்டுகிறது, அது குறைக்கப்பட்டதல்ல. வண்டி வெள்ளத்தில் மூழ்கியதில்லை. சேசிஸ் அடிபடும் விபத்தில் சிக்கியதில்லை. டி போர்டில் (வாடகை வண்டியாக) ஓடியதில்லை. இந்த நேரம் வரையிலான அபராதம், வரி, கடன் பாக்கி, வழக்கு அனைத்தும் எங்கள் பொறுப்பு. பெயர் மாற்றத்தை ____ தேதிக்குள் எங்கள் செலவில் முடித்துத் தருகிறோம்."

எந்த வரியைக் கண்டு அவர் பேனாவைக் கீழே வைக்கிறாரோ, அந்த இடத்தை வண்டியில் போய் இன்னொரு முறை பாருங்கள்.

"நோ கியாரண்டி, உள்ளது உள்ளபடி" என்று ரசீதில் அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதற்காக அலட்சியமும் வேண்டாம். 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி, நீங்கள் பொருளைப் பரிசோதித்து வாங்கியிருந்தால், அந்தப் பரிசோதனையில் கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறைக்குப் பிறகு வழக்காட முடியாது. கதவில் கீறல், தேய்ந்த டயர், கிழிந்த சீட் எல்லாம் இதில் அடங்கும். அவற்றைப் பேரத்திலேயே கழித்துவிட வேண்டும். மறைத்த குறையும் சொன்ன பொய்யும் வேறு கணக்கு. அதற்கு அந்த அச்சடித்த வரி காவல் நிற்காது.

வண்டியில் எதைப் பார்ப்பது

வடசென்னைப் பக்கம் முதல் சந்தேகம் தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் ஏராளம். இன்சூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று எழுதிவிட்ட வண்டி ஏலத்தில் போய், கழுவிக் காய்ந்து, மறுபடி யார்டுக்கு வருவதுண்டு. உள்ளே நல்ல வாசனை தெளித்திருந்தால் அதுவே ஒரு தடயம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு தெரியும், அதைக் கழுவ யாரும் மெனக்கெடுவதில்லை. முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, தரையோடு முடுக்கிய போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். கதவடி பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றச் சொல்லிக் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி கிடக்கும் குழி, டாஷ்போர்டுக்குக் கீழே ஒயர் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு, ஹெட்லைட்டுக்குள் நீர்க்கறை, இவையும் சொல்லும். வெள்ள வண்டி வாங்கிய மறுநாளே நிற்காது. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து ஒயரிங் ஒவ்வொன்றாக அரிக்கும். பவர் விண்டோ, ஏர்பேக், இசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) என்று வரிசையாகப் போகும். அதனால்தான் தைரியமாக விற்கிறார்கள்.

இரண்டாவது உப்புக்காற்று. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வருடக்கணக்கில் வெளியே நின்ற வண்டியில் மேலே பெயின்ட் பளபளக்கும், அடியில் அரித்திருக்கும். லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். சப்ஃபிரேம், பிரேக் ஆயில் போகும் குழாய், சைலன்சர் இணைப்பு, கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியும் துளைகள், இவைதான் பார்க்க வேண்டிய இடங்கள். அடியில் புதிதாகக் கறுப்பு கோட்டிங் அடித்திருந்தால் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்னும். அரித்த தகடு சத்தமில்லாமல் உள்வாங்கும்.

விபத்து வண்டியைப் பெயின்ட் கனமானியால் பிடிக்கலாம். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு கதவில் மட்டும் 300க்கு மேல் காட்டினால் பட்டி போட்டு டிங்கரிங் செய்தது. கதவு டிங்கரிங்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓடும் ஊரில் கீறல் விழாத வண்டி ஏது? ஏப்ரன் (பானட்டுக்குக் கீழே இருபக்கத் தகடு), பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), சேசிஸ் நீளக்கட்டை மூன்றில் ஒன்றிலாவது கை வைத்திருந்தால்தான் விலக வேண்டும். கதவு ரப்பர் பீடிங்கை இழுத்துப் பாருங்கள்: கம்பெனி ஸ்பாட் வெல்டிங் சம இடைவெளியில் வட்ட வட்டமாக இருக்கும், பட்டறை வெல்டிங் கோணல்மாணலாக இருக்கும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கும் செக் இன்ஜின் விளக்கும் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் கோளாறு தெரியாமல் இருக்க யாரோ இணைப்பைத் துண்டித்திருக்கிறார்கள்.

மீட்டரை நம்பாதீர்கள். டிஜிட்டல் மீட்டரைக் குறைப்பது சில நிமிட வேலை. அதே கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைக் கொடுத்து, ஓனர் வழியாகச் சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கி.மீ. பதிவாகியிருக்கும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3521 என்றால் 2021ஆம் வருடம் 35ஆம் வாரம் செய்தது. இருபதாயிரம் கி.மீ. ஓடியதாகச் சொல்லும் ஆறு வருட வண்டியில் நான்கு டயரும் மாறியிருந்தால் கேள்வி கேட்க வேண்டும். கிளட்ச் பெடல் ரப்பர் வழவழத்து, ஸ்டீயரிங் பளபளத்து, மீட்டர் மட்டும் 40,000 என்றால் அது டி போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாறிய வண்டியாக இருக்கலாம். ஆர்.டி.ஓ. பதிவில் அந்த மாற்றம் இருக்கும். நம்பர் பிளேட் போல்ட் துளைகளையும் பாருங்கள், சில சமயம் மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருக்கும்.

காலையில் போங்கள், "வண்டிய ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று முந்தைய நாளே சொல்லிவிட்டு. போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் பிரச்சினையை மறைத்துவிட்டார்கள், இன்னொரு நாள் வாருங்கள். ஸ்டார்ட் செய்தபின் பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது, நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. டெஸ்ட் டிரைவ் யார்டைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது. மூலக்கடை மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் 30 கி.மீ. வேகத்தில் ஏறி ஆக்ஸிலேட்டரை மிதியுங்கள். ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. மணலி விரைவுச் சாலைப் பள்ளங்கள் சஸ்பென்ஷனுக்கு நல்ல பரிசோதனைக்கூடம். ஏசியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் டிராஃபிக்கில் நின்று டெம்பரேச்சர் முள்ளைக் கவனியுங்கள். உங்கள் சொந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். யார்டுக்காரர் "நம்ம பையன்தான், நல்லா பார்ப்பான்" என்று அனுப்பும் மெக்கானிக் அவருடைய பையன்தான்.

காகிதம்

பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் தேதி, தகுதிச் சான்றுத் தேதி, கடன் பதிவு, தடைப் பட்டியலில் இருக்கிறதா என்பவை தெரியும். இ-செலான் தளத்தில் அபராத பாக்கியைத் தனியே பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி வெல்டிங் அல்லது புதுப் பெயின்ட் இருந்தால் அங்கேயே வெளியே வந்துவிடுங்கள்.

ஆர்.சி.யில் எச்.பி. (வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற பதிவு) இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபமில்லை என்ற சான்று), அந்தப் பதிவை நீக்க அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35 இரண்டு பிரதியும் வேண்டும். என்.ஓ.சி. நகலை அந்தக் கிளைக்கே கொண்டுபோய்க் காட்டி உறுதிப்படுத்துங்கள், போலி என்.ஓ.சி. புதிய விஷயமல்ல. வண்டியைப் பூட்டி இழுத்துச் செல்ல ஆள் வந்தால், நீங்கள் பணம் கொடுத்த ரசீதை அவர்கள் மதிக்க மாட்டார்கள்.

வேறு மாநில வண்டிகளில் கவனம் கூடுதலாகத் தேவை. தில்லியில் பத்து வருடம் தாண்டிய டீசலுக்கும் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோலுக்கும் கட்டுப்பாடு வந்த பிறகு டி.எல். பிளேட் கார்கள் தெற்கே மலிவாக இறங்கின. அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. தரும் படிவம் 28 என்.ஓ.சி. வேண்டும், இங்கே மறுபதிவு வேண்டும், தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டும். வேறு மாநிலப் பதிவோடு இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வரியையும் சேர்த்துக் கூட்டினால் மலிவு கரைந்துபோகும். பதிவு 15 வருடத்தில் முடிகிறது. அதை ஒட்டி நிற்கும் வண்டி என்றால் புதுப்பிக்கும் கட்டணம், எஃப்.சி.க்கு முந்தைய பட்டறைச் செலவு இரண்டையும் விலையில் கழியுங்கள்.

பணம்

டோக்கன் அட்வான்ஸ் ஐயாயிரத்துக்கு மேல் வேண்டாம். "மெக்கானிக் பரிசோதனையில் தேறாவிட்டாலோ, கடன் கிடைக்காவிட்டாலோ, காகிதத்தில் குறை இருந்தாலோ மூன்று நாளில் முழுத் தொகை திரும்பத் தரப்படும்" என்று அந்த ரசீதிலேயே எழுத வேண்டும். மீதியை ரசீதில் உள்ள அதே நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். தம்பி கணக்கு, மச்சான் ஜீபே எல்லாம் வேண்டாம். வருமான வரிச் சட்டப்படி ஒரே வியாபாரத்தில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, அபராதம் வாங்கியவருக்கு. ரொக்கம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் ரசீதும் தர மாட்டார்.

"ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி" என்று மொத்த விலை மேல் போட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2025 ஜனவரி 25 முதல் பழைய கார்களுக்கு 18 சதவீதம்தான், ஆனால் வழக்கமான முறையில் அது டீலரின் லாபத்தின் மேல் மட்டும். மூன்று லட்சத்துக்கு வாங்கி மூன்றரைக்கு விற்றால் வரி ஐம்பதாயிரத்தின் மேல்.

பெயர் மாறும் வரை 15,000 அல்லது 20,000 ரூபாயைப் பிடித்து வையுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. முழுப் பணமும் போன பிறகு தண்டையார்பேட்டை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் யார்டுக்கும் நடுவே அலைவது நீங்கள்தான்.

பெயர் மாற்றமும் இன்சூரன்ஸும்

விற்றவர் 14 நாளுக்குள் (மாநிலத்துக்குள் என்றால்) தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவு. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதைப் பழைய ஓனரிடம் எடுத்துச் சொன்னால் அவரே ஓடி வந்து கையெழுத்துப் போடுவார்.

இன்சூரன்ஸில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு சேர்ந்து உங்களுக்கு வந்துவிடும். ஆனால் உங்கள் வண்டிக்கான சேதக் காப்பு, பாலிசி உங்கள் பெயருக்கு மாறாமல் வராது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவருடையது. அந்த வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் கிளெய்ம் நேரத்தில் அதையே காரணம் காட்டுவார்கள். அப்படியே ஃபாஸ்டேக்கையும் பழையவர் மூடிவிட்டாரா என்று பாருங்கள்.

குறை வந்துவிட்டால்

முதலில் பட்டறைக்கு விடாதீர்கள். ரிப்பேர் செய்துவிட்டால் சாட்சி அழிந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் சோதித்து, ஜாப் கார்டில் குறை என்ன, எவ்வளவு பழையது, மதிப்பீட்டுச் செலவு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். மீட்டரையும் அரித்த இடங்களையும் தேதியோடு வீடியோ எடுங்கள். விற்ற நாளில் அவர் போட்ட விளம்பரம், வாட்ஸ்அப்பில் "ஜென்யூன் வண்டிணா, ஒரே ஓனர்" என்று அனுப்பிய குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் நாள் கணக்கு முக்கியம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில் தர மறுப்பதும், தரம் பற்றிப் பொய் சொல்வதும் 2(47) பிரிவில் நேர்மையற்ற வணிக நடைமுறை. திரும்ப எடுக்கப் பில்லில் கெடு எழுதியிருந்தால் அந்தக் கெடு, எழுதாவிட்டால் 30 நாள். ஆகவே வாய்மொழியாகச் சண்டை போட்டு ஒரு மாதத்தைக் கரைக்காதீர்கள். மனம் மாறியதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமை இதில் இல்லை. குறை இருக்க வேண்டும். பெயர் மாற்றித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிவிட்டு இழுத்தடிப்பது சேவைக் குறைபாடு. டாக்ஸி ஓட்ட வாங்கியவரும், அது தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வண்டி என்றால், நுகர்வோர்தான்.

விற்றவருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கம் போதும்: வாங்கிய தேதி, தொகை, அவர் சொன்னது, சர்வீஸ் சென்டர் சொன்னது, நீங்கள் கேட்பது (பணத்தைத் திரும்பத் தருவதா, ரிப்பேர் செலவா), 15 நாள் கெடு. ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கூடவே 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிடுங்கள். யார்டுக்காரர் பலர் அங்கிருந்து போன் வந்ததும் பேச்சுக்கு இறங்குவதுண்டு.

அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், யார்டு எங்கிருந்தாலும் சரி. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், வக்கீல் கட்டாயமில்லை. கன்சல்டிங்கை முதல் எதிர்தரப்பாகவும் ஆர்.சி. ஓனரை இரண்டாவதாகவும் சேருங்கள், ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டால் இருவரும் ஒரே அறையில் போடட்டும். எதிர்தரப்பு பதில் தர 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15. சட்டம் மூன்று மாதத்தில், வண்டியைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கும் என்று வைத்துக்கொண்டே இறங்குங்கள். சட்ட உதவி வேண்டுமானால் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவசம்.

திருட்டு வண்டி, போலி என்.ஓ.சி., மாற்றிய சேசிஸ் எண் என்றால் இது போலீஸ் வேலை. யார்டு உள்ள எல்லைக் காவல் நிலையத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவில் மோசடிப் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான சீட்டு) வாங்கிக்கொள்ளுங்கள். ஆணையத்தில் போட்ட வழக்கு தனியே ஓடும், ஒன்றுக்கு ஒன்று தடையில்லை.

தீர்ப்பு வந்தும் பணம் தரவில்லை என்றால் அதே ஆணையத்தில் 71, 72ஆம் பிரிவுகளில் மனுப் போட வேண்டும். உத்தரவை மீறினால் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அவர் மேல்முறையீட்டுக்குப் போக 45 நாள் அவகாசம் உண்டு. போவதென்றாலும் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.